குஞ்சுகளின் நடுவே

புளியமரத்து நிழல் வாசலை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அம்சவல்லி இறைத்த சாமையைக் கோழிக்குஞ்சுகள் கொத்துகின்றன. அவள் நாய்க்குட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கிறாள். நேற்று அது ஒரு குஞ்சைக் கடித்துக் கொன்றுவிட்டது. கதவோரம் நிற்கும் கணவன் தீர்த்தகிரி, "இன்னொன்னு போச்சுன்னா காட்டுல வுட்டுட்டு வந்துடுவேன்" என்கிறான். குட்டி பாய்கிறது. "ஏய்!" என்று அவள் அதட்டுகிறாள். அது பாதி வழியில் நின்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. பிறகு வயிற்றைத் தரையில் பதித்து மெல்லப் படுக்கிறது. ஒரு குஞ்சு நெருங்கி வந்து, அதன் முன்னங்காலில் ஒட்டியிருக்கும் சாமையைக் கொத்துகிறது. குட்டியின் உடம்பு நடுங்குகிறது. கண்களை இறுக மூடிக்கொள்கிறது. வாலின் நுனி மட்டும் புழுதியில் அசைகிறது. அம்சவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குஞ்சு தாய்க்கோழியிடம் ஓடுகிறது. தீர்த்தகிரி கதவோரத்திலிருந்து வந்து குட்டியின் அருகில் குந்துகிறான். பிறகு கேட்கிறான்: "இதுக்கு இன்னா பேரு வெக்கலாம்?"