புகார் கொடுத்தவள்

"பெரியத்தா, நாளைக்கு ஜெனீவா கிளம்புறேன். துஆ செய்யுங்க."

சாப்பாட்டுக்கடைக் கல்லாவுக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள் ஃபரீஹா. கடைக்காரர் ருக்னுதீனின் தம்பி மகள். வக்கீல்.

அவர் கை கொடுக்கவில்லை. துணியை எடுத்துக் கல்லா மேசையைத் துடைத்தார்.

"அங்கே என்ன கேஸு? கொலையா, கொள்ளையா?"

"கேஸ் இல்லை பெரியத்தா. எல்லா நாட்டு மக்களோட சுகாதாரத்துக்கும் சட்டம் எழுதுற வேலை. எனக்குப் புகையிலைப் பிரிவு."

"அதானே! என் கடையில பழகிட்டு, இப்போ உலகத்தையே போட்டுக்கொடுக்கப் போறே!"

தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

போன வருஷம், அடுக்களையை ஒட்டிய பின்மேசையில் வாடிக்கைக்காரர்கள் புகைத்துக்கொண்டிருந்தபோது சுகாதார இலாகா ஆட்கள் வந்து நின்றார்கள். அபராதம். யாரோ போன் செய்து புகார் கொடுத்திருந்தார்கள்.

"எவன்டா அது?" என்று ருக்னுதீன் கத்தியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபரீஹா எழுந்து, "நான்தான்" என்றாள்.

அன்றோடு தம்பி வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. பெருநாளைக்குக்கூட. பத்து பகாட் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவர் கோபம் வைத்தால் வைத்ததுதான்.

"தப்புதான் பெரியத்தா. மன்னிச்சிடுங்க."

"நான் செத்தா என் மையத்தைப் பார்க்கக்கூட நீ வர வேண்டாம். போதும் லா, போ!"

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள். அடுக்களைப் பக்கம் பார்த்து, "வர்றேன் பெரியம்மா" என்றாள். கார் கிளம்பிவிட்டது.

மனைவி சம்சாத் பேகம் இருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

"வாசல் வரைக்குமாவது போயிருக்கலாம்ல?"

"காட்டிக்கொடுத்தவளை வழியனுப்ப வேறயா?"

"காட்டிக்கொடுத்தது அவ இல்லை. நான்."

அவர் கையில் துணி அப்படியே நின்றது.

"எத்தனை தடவை சொன்னேன், அந்தப் புகையில மூச்சு விட முடியலைன்னு? 'வாடிக்கைக்காரங்ககிட்ட எப்படிச் சொல்றது'ன்னீங்க. நான் போன் பண்ணிட்டேன். நீங்க கத்தினதும் அவ என் முகத்தைப் பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு."

"அதுக்கு எதுக்கு அவ…"

அவளுக்கு மறுபடியும் இருமல் வந்தது. அது அடங்கியதும் சொன்னாள்:

"நானும் கேட்டேன். 'பெரியத்தா கோபம் ஆயுசுக்கும் தீராது பெரியம்மா. அது உங்க மேல வந்தா, நீங்க எங்கே போவீங்க? என் மேலன்னா, எனக்குப் போறதுக்கு வேற ஊர் இருக்கு'ன்னா."