அச்சு அசல்

"பழைய லேப்டாப்ல இருக்கறதெல்லாம் இதுல அச்சு அசலா வரணும். மாத்தினது என் வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது," என்று அதே மாடலில் இன்னொன்றை மேஜைமேல் வைத்தாள் அந்த அம்மா.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. புருஷனை வேவு பார்க்கிறாளோ?

"அவரையே கூட்டிட்டு வாங்கம்மா."

"புதுசுன்னா வேணாம்பார். கண்ணு போனப்புறம், எதை எத்தனை தடவை தட்டணும்னு எண்ணி எண்ணிப் பழகினது. யார் தயவும் இல்லாம அவர் செய்யற ஒரே வேலை இதுதான். பழசு எப்ப வேணா நின்னுடும் போலிருக்கு."

அவன் அப்படியே நகலெடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் கடைக்கு ஒரு போன். ஆண்குரல்.

"தம்பி, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா கீபோர்டுல என் விரல் தேய்ச்ச தடத்தைத்தான் காணோம். அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருக்கா."