வடக்கு யன்னல்

நாகேஸ்வரி ரீச்சர் யன்னலைத் திறந்தார்.

வெளிச்சம் உள்ளே வந்து நேரே கதிரையில் போய் இருந்தது. பாயவில்லை, கண்ணைக் குத்தவில்லை. வடக்குப் பார்த்த யன்னலின் குணம் அது.

ஒரு கண்ணை மூடி, விரல்களால் சட்டம் கட்டிப் பார்த்தேன். கலைஞன் அல்லவா.

கிழமை நாட்களில் கந்தோரில் கோப்புத் தள்ளுகிறேன். சனி, ஞாயிறுகளில் நான் உருவப்படக் கலைஞன். பெயர் போட்டு அட்டையும் அடித்து வைத்திருக்கிறேன். இல்லாதது ஒரு அறை மட்டும்தான். எட்டு மாதமாகத் தேடினேன்.

அச்சுவேலியில் ஒரு ரியூசன் கொட்டிலில் எடுத்துப் பார்த்தேன். எந்தப் பெரிய மனிதரை இருத்தினாலும் தலைக்குப் பின்னால் ஒரு இரசாயனச் சமன்பாடு நின்றது. பண்டத்தரிப்பில் மச்சானின் கராஜில் வெளிச்சம் அருமை. ஆனால் இருந்து எழும்பியவர்கள் எல்லோரும் பின்பக்கத்தில் கிறீஸோடு வீட்டுக்குப் போனார்கள். கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறையைக் கேட்டேன். மாப்பிள்ளையோடு வரச் சொன்னார்கள். என் வீட்டு விறாந்தையில் கமெராவுக்குத் தடை. மனைவியை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்து, மூக்கின் நிழலை மட்டும் எடுத்த நாளிலிருந்து அந்தத் தடை.

கடைசியில் இந்த அறையைக் கண்டுபிடித்தவர் பிரகலாதன். கோப்பாய்ப் பக்கமெல்லாம் யன்னலுக்குக் கண்ணாடி போடுபவர். போன மாதம் ரீச்சர் வீட்டில் வேலை.

"ரீச்சர் கதிரையிலை இருந்து பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவ, அண்ணை. ஒரு கன்னத்திலை வெளிச்சம், மற்றக் கன்னத்திலை சாடையா இருட்டு. நீங்கள் சொல்லுற மாதிரியே கிடந்தது."

நான் படிப்பித்தது வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமை. யன்னல் இருக்கிற சுவரில் லைற்றுக்குப் பிளக் இருக்கிறதா என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை என்றார். கன்னத்து நிழலைக் கண்டவருக்கு ஒரு பிளக் கண்ணில் படவில்லையே என்று பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார்.

பிரகலாதன் என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவர் என்னை அண்ணை என்பார். நான் அவரை நீர் என்பேன். நாங்கள் நண்பர்கள்.

அவருக்கும் மனைவி தர்சினிக்கும் கலியாணப் படம் இல்லை. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், சனத்தோடு சனமாக நடந்த காலத்தில் தாலி கட்டியவர்கள். ஸ்ரூடியோ கிடைத்ததும் முதல் படம் அவர்கள் இருவரும்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். தர்சினி அதற்கென்றே ஒரு சேலை எடுத்து, உடுக்காமல் வைத்திருக்கிறாராம்.

இன்று என் மோட்டார் சைக்கிளில்தான் இருவரும் வந்தோம். அவர் கேற்றடியில் நின்றுவிட்டார்.

"நீங்கள் போய்க் கதையுங்கோ. நான் பைக்கைப் பாக்கிறன்."

பட்டப்பகலில், பூட்டிய மோட்டார் சைக்கிளைக் கோப்பாயில் யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? நான் யோசிக்கவில்லை. எனக்கு யன்னல் அவசரம்.

ரீச்சர் தேத்தண்ணி தந்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர், எந்த றோட்டு, எந்த ஒழுங்கை, ஆருடைய மகன், அம்மாவின் பக்கம் எவடம். ஐம்பத்திரண்டு வயதில் என் பூட்டனின் பெயரை ஒப்புவித்தேன். பெயர் எடுபட்டது.

"அப்ப எங்கடை ஆக்கள்தான்," என்றார்.

எங்கள் ஊரில் யாரும் சாதி கேட்பதில்லை. ஒழுங்கையைத்தான் கேட்பார்கள்.

"படமெடுக்க ஆரார் தம்பி வருவினம்? கண்ட நிண்டதுகளும் உள்ளுக்கை வந்து போறதெண்டால் எனக்குச் சரிவராது, இப்பவே சொல்லிப்போட்டன்."

யன்னல் திறந்தே இருந்தது. அதற்கு நேரே கேற். பிரகலாதன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீச்சீ, இல்லை ரீச்சர்," என்றேன். "எங்கடை ஆக்கள் மட்டும்தான்."

யோசித்துச் சொல்லியிருந்தால் கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்ளலாம். யோசிக்கவே இல்லை. பெயரைக் கேட்டால் பெயர் சொல்வது போல வந்துவிட்டது.

போன வருடம் பிரகலாதனின் முகத்தை எடுத்து முகநூலில் போட்டேன். கீழே 'முகத்துக்குச் சாதியில்லை' என்று எழுதினேன். இருநூறு பேருக்கு மேல் விரும்பினார்கள். அவர்களில் ஒருவர் பிரகலாதன். என் மச்சான்மாரையும் எத்தனையோ தரம் எடுத்துப் போட்டிருக்கிறேன். அவர்களின் முகத்துக்குக் கீழே அந்த வரியை எழுத எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ரீச்சர் அறைக் கதவின் திறப்பை என் கையில் வைத்தார்.

"முதல் படம் என்னைத்தான் எடுக்கோணும், தம்பி."

"ஓம் ரீச்சர்."

கேற்றடிக்கு வந்தேன். துடைத்த கண்ணாடியில் வீடு, யன்னல், யன்னலுக்குள் ரீச்சர், எல்லாம் சுத்தமாகத் தெரிந்தன.

"கிடைச்சிட்டுதோ அண்ணை?"

"ஓம்."

திறப்பை நான் காட்டவில்லை. தர்சினியை எப்போது கூட்டி வருவது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் மோட்டார் சைக்கிளை மூன்று தரம் உதைத்தேன். மூன்றாம் தரம்தான் பற்றியது.

பின்னால் ஏறி இருந்த பிறகு கேட்டார்.

"அந்தச் சுவரிலை பிளக் இருக்கோ?"

"இருக்கு. யன்னலுக்குக் கீழை, ரெண்டு."

"நல்லது," என்றார். "எனக்கு அந்தப் பக்கம் தெரியேல்லை. வெளியாலை நிண்டுதானே கண்ணாடி பூட்டினனான்."