பதினோரு மணி, கேமரா இரண்டு

"மெனுவுல ப்ளேபேக் அமுக்குங்க அண்ணி. அப்புறம் கேமரா நம்பர், தேதி, நேரம்."

கேமரா மாட்டிக்கொடுத்த பாலாஜி போனில் சொல்லச் சொல்ல, கவிநிலா வீட்டு மானிட்டரில் ஒவ்வொன்றாக அமுக்கினாள். கணவன் அருணகிரி, வாடகை சைக்கிள்களுக்கு டயர் வாங்கப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவளுக்கு வேங்கிக்கால் ஆபீஸ் இல்லை.

வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. இரண்டாம் கேமராவில் அருணகிரி தலையைச் சீவிக்கொண்டு கேட்டருகே வந்தான். பக்கவாட்டில் தெரிந்தான். அண்ணாந்து சிரித்தான். டீ கிளாஸைத் தூக்கிக் காட்டி ஏதோ பேசினான். வியாழனும் புதனும் அதே நேரம், அதே சிரிப்பு.

எதிர் விடுதியின் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்காரியை நினைத்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருப்பாரா? அவ மூஞ்சிய நான் பாக்கணும் பாலாஜி!"

"எவ மூஞ்சி அண்ணி?"

"உங்க அண்ணன் யாரைப் பாத்து இளிக்கிறாரோ, அவ மூஞ்சி!"

"அதுக்கு கேட் தூண்ல மாட்டின ஒண்ணாம் நம்பரைப் போடுங்க. அதே தேதி, அதே நேரம்."

போட்டாள். திரை முழுக்க அருணகிரியின் முகம். நேராக அவளையே பார்த்துச் சிரித்தது. சத்தம் பதிவாகவில்லை என்றாலும் உதடு அசைந்தது புரிந்தது: 'கவி, டீ குடிச்சியா?'

"அண்ணி, லைன்ல இருக்கீங்களா? 'பதினோரு மணிக்கு கவி ஆபீஸ்லேர்ந்து செல்லுல என்னைப் பாப்பா, நான் அங்க நிக்கலன்னா கோச்சுக்குவா'னு அண்ணன் எங்கிட்டயே சொல்லியிருக்காரு."

கேமரா மாட்டிய அன்று, 'டீ நேரத்துல தெனமும் உங்களைத்தான் பாப்பேன்' என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தவள், செல்போனில் இருந்த கேமரா செயலியை இதுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.