நெருப்பருகே ஒரு கோப்பை

சௌந்தரவல்லி தூத்துக்குடியில் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அவள் கண்ணும் காதும் மட்டும், வாடகைக்கு எடுத்த இயந்திர உடலோடு நமீபியப் பாலைவனத்தில் நெருப்பருகே உட்கார்ந்திருந்தன. கணவர் இறந்துபோனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மனம் மாறட்டும் என்று மகன் மாறன்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தான்.

வழிகாட்டி பெத்ருஸ் சுற்றியிருந்த பயணிகள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு, இயந்திரத்தின் முன்னும் ஒரு கோப்பை வைத்தார். அவர் பேச்சு அவள் காதில் தமிழாக விழுந்தது.

“குடிங்கம்மா. எல்லாக் கோப்பையும் காலியானாத்தான் நாங்க கிளம்புவோம்.”

“இந்தத் தகர வாயால எப்படி தம்பி குடிக்க?”

“உங்க சொந்த வாய் ஊர்லதானே இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் யானைகள் நகரத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படியும் காத்திருப்பார்களா? அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இதுல என்ன போட்டிருக்கே?”

“கொஞ்சம் பால். சர்க்கரை நிறைய.”

“மாறா!” என்று வீட்டில் குரல் கொடுத்தாள். “ஒரு டீ போடு. சர்க்கரை தூக்கலா இருக்கட்டும். சீக்கிரம்டா, யானை போயிரும்!”

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. தம்ளர் வந்ததும், காத்திருந்தவர்களுக்காகக் கடவுளை வேண்டிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

“ஆச்சு தம்பி.”

பெத்ருஸ் அவள் கோப்பைத் தேநீரை ஒரு முட்செடியின் அடியில் ஊற்றினார். “வாங்கம்மா, யானைங்க இன்னும் போகலை.”

இயந்திரம் எழுந்தது. சௌந்தரவல்லி காலித் தம்ளரை மகனிடம் நீட்டினாள்.

“ரெண்டு இட்லி இருந்தா கொண்டாடா. நிறைய நடக்கணும்.”