நெற்றிப் பட்டை

பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். மகள் நிலானிக்காகத் தனபாக்கியம் பள்ளிக்குக் கட்டவேண்டிய அபராதம். பிள்ளைகள் நெற்றியில் மாட்டியிருக்கும் பட்டை, கவனம் சிதறும்போதெல்லாம் பீப்பென்று கத்தி ஒரு ரூபாய் ஏற்றிவிடும். இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் ஐந்தாம் வகுப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மகளையும் கூட்டிக்கொண்டு, சிமெண்டு காய்ந்த கையோடு தலைமையாசிரியர் முன் நின்றாள் தனபாக்கியம்.

“ஒரு இடத்துல உட்காருதா உன் பொண்ணு? பாடம் எப்படிம்மா ஏறும்?”

“ஏறும் சார். சும்மா உட்கார வெச்சாத்தான் ஏறாது. இப்பப் பாருங்க.”

சித்தாள்கள் வரிசையில் செங்கல் கைமாற்றுவதுபோல, வீட்டில் தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியை வீசி வீசித்தான் மகளைப் படிக்கவைப்பாள். அந்தத் துணியை இடுப்பிலிருந்து உருவி எறிந்தாள்.

“பதினேழு எட்டு?”

“நூத்தி முப்பத்தாறு!” பிடித்துத் திருப்பி எறிந்தாள் நிலானி. பட்டை கத்தியது.

தலைமையாசிரியருக்கு நம்பிக்கையில்லை. “செடியோட இலை தனக்குச் சாப்பாடு செய்ய என்னென்ன வேணும்?”

“வெயிலு, தண்ணி, கரியமில வாயு!” துணி பறந்தது. பட்டை மறுபடியும் கத்தியது.

“இது ஏடிஎச்டி சார், கவனம் ஒரு இடத்துல நிக்காத குறைபாடு, திமிர் இல்ல. ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்குறேன், நீங்க படிக்கவே இல்ல” என்றார் அருகில் நின்ற வகுப்பாசிரியை ஜெசிந்தா.

“சரி டீச்சர், வகுப்புல யாரு துணி வீசுறது?”

“நான் வீசுறேன்.”

தலைமையாசிரியர் எழுந்துவந்து நிலானியின் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார். பிறகு கணினித் திரையில் அவள் பெயரைத் தேடி, அபராதம் முழுவதையும் அழித்தார்.