அத்தை தின்ற மண்சோறு

அத்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

கோயில் பிராகாரத்துத் தரை. இலை கிடையாது. கழுவிவிட்ட கல்லில் அப்படியே கொட்டிய சோறு, மேலே ஒரு கரண்டி குழம்பு. வாயாலேயே எடுக்க வேண்டும்.

வயிற்றில் பிள்ளை தங்க வேண்டுமென்று பெண்கள் செய்யும் நேர்த்தி அது. வரிசையில் எல்லாம் இளம்பெண்கள். அத்தை மட்டும்தான் நரைத்த தலை.

மருமகள் தூணோரம் நின்றாள்.

பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

“எம் மாமியா எனக்கு இலையிலயே ஒழுங்காச் சோறு போட்டதில்ல. இந்தம்மா மருமவளுக்காகத் தரையில திங்குது. எந்தச் சாமிகிட்டடி வரம் வாங்கிட்டு வந்தே?” பக்கத்தில் நின்ற பூக்காரி கேட்டாள்.

“எங்கப்பா கூடப் பொறந்த அத்தை.”

“அதான பாத்தேன். சொந்தம் விட்டுப் போவுமா?”

விட்டுப் போகக் கூடாதென்றுதான், அவள் பிறந்த அன்றே அத்தை சொல்லிவிட்டாள், இவ எம் மவனுக்கென்று.

சொன்னபடியே நடந்தது. முதல் பிள்ளை சுருட்டை முடியோடு பிறந்தது. தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள்.

கழுத்து நிற்கவேயில்லை.

பால் குடிக்கத் தெம்பில்லாமல் போனது. ஒரு மாசி மாதம் மூச்சு வாங்கி வாங்கி அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளையும் கணவனையும் உட்கார வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?”

நெருங்கிய ரத்தம். இரண்டு பேரிடமும் ஒரே குறை ஒளிந்திருக்கிறது. அடுத்ததற்கும் இப்படியே வரலாம். யோசித்து ஒரு முடிவுக்கு வரும்வரை பிள்ளை உண்டாகாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில். மறந்தால், நினைவு வந்ததும் போட்டுவிட வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் கணவன் சொன்னான். “அம்மாகிட்ட மூச்சு விடாத. தான் கட்டிவச்சதாலதான் புள்ள போச்சுன்னு தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துரும்.”

அத்தை மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தபோது அவன்தான் முந்திக்கொண்டான். “புள்ள தங்கறதுக்கும்மா.”

அன்றிலிருந்து அட்டை அத்தையின் பொறுப்பு. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் செம்பில் தண்ணீரோடு வந்து நிற்பாள். வெள்ளை மாத்திரை தீர்ந்து செங்கல் நிற மாத்திரை ஓடும்போது தீட்டு வரும். அன்று அத்தை ஒன்றும் கேட்க மாட்டாள். கொல்லைப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவாள்.

“போவட்டும் ஆத்தா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

எத்தனை மாசம்தான் அந்தக் குரலைக் கேட்பது?

கோயிலில் வைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் நேற்று ராத்திரி அவள் பஸ் ஏறியிருந்தாள்.

அத்தை தரையில் கையூன்றி எழுந்தாள். உதட்டோரம் பருக்கை. மோவாயில் மணல். நேரே அவளிடம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, அட்டையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு.

“நேத்துக் கெளம்புற அவசரத்துல மறந்துட்டே பாரு. சாமி முன்னாலயே போட்டுக்க. நெனப்பு வந்ததும் போடணும்ல?”

“அத்தை...”

“என்ன ஆத்தா?”

அந்த முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு தெளிச்சி.



அத்தை இன்னும் நெருங்கி வந்து காதோடு சொன்னாள். “யார்ட்டயும் சொல்லிராத. வேற புள்ள வேணும்னு நான் கேக்கவே இல்ல. எம் பேத்தியவே திருப்பிக் குடுத்துருன்னுட்டேன். அதே சுருட்ட முடி. அதே ரத்தம். அச்சு மாறாம வரணும்.”

மணி அடித்தது. கற்பூரத் தட்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று.

அவள் மாத்திரையைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள். தண்ணீர் கேட்கவில்லை.

அது தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தை சன்னதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.